தண்ணீரை வெளியே விட்டவன்

கடலுக்கு நடுவே நிற்கும் எண்ணெய் மேடை ஒன்றை ஆட்களோடு சேர்த்துக் கவிழ்ப்பது எப்படி என்று, ஓர் இலக்கணப் பிழைகூட இல்லாத பிரெஞ்சில் மூன்று பக்கம் எழுதியவன் நான். எழுதியதோடு விட்டேனா? தடித்த தாளில் அச்சடித்து, பிளாஸ்ரிக் உறையில் போட்டு, இன்னொரு மனிதருடைய பெயரில் கொடுத்தேன். அதை வாசித்து முகம் சுளித்த பெண்மணிக்கு மனித மரியாதை பற்றி ஒரு வகுப்பும் எடுத்தேன்.

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம், பாரிஸ் லா சப்பலில். முடிந்தது சென் தெனியில்.

பகலில் நான் ஒரு நூலகத்தில், திரும்பி வருகிற புத்தகங்களை அடுக்குகிறவன். அடுக்குவதற்கு முன் ஒவ்வொன்றிலும் பாதியை வாசித்துவிடுவதால், உலகத்தில் உள்ள எல்லா விடயமும் எனக்குப் பாதி தெரியும். பின்னேரங்களில் ரூ பிலிப்-து-ஜிராரில், மைத்துனரின் தொலைபேசிக் கடைக்குப் பின்னால் எனக்கென்று ஒரு மேசை உண்டு. அந்த மேசையில் இருபது வருடத்துக்கு மேலாக நான் செய்துவந்த வேலைக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ‘கேஸ் எழுதுறது’. அகதி விண்ணப்பத்துக்கு ஆட்கள் தங்கள் கதையைத் தமிழில் சொல்வார்கள். நான் அதை அதிகாரி நம்பக்கூடிய விதமாகப் பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பேன்.

அந்த ‘நம்பக்கூடிய விதம்’ என்பதில்தான் என் திறமை முழுவதும் இருப்பதாக நினைத்திருந்தேன். ஒருவர் சொன்னார்: சோதனைச் சாவடியில் அவரைப் பிடித்த சிப்பாய்க்கு அன்றைக்குத் தாங்கமுடியாத பல்வலியாம். கன்னத்தைப் பொத்திக்கொண்டே ‘போ போ’ என்று கையைக் காட்டிவிட்டானாம். பல்வலியை எந்த அதிகாரி நம்புவார்? ‘உறவினர் தலையிட்டதால் விடுவிக்கப்பட்டார்’ என்று எழுதினேன். அது பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, திருத்தம் என்றுதான் தோன்றியது. எந்த உறவினர், எப்போது, எப்படி என்று குடைந்து குடைந்து கேட்டு அவருடைய கேஸை முதல் தடவை நிராகரித்துவிட்டார்கள். எங்கள் வாயிலிருந்து வருகிற எதையும் இந்த நாட்டுக்காரர் நம்புவதில்லை என்று நான் ஒரு வாரம் தேநீர்க்கடையில் நின்று கொதித்தேன். மேன்முறையீட்டில் ஒருவழியாகத் தப்பினார், பாவம்.

இந்த மேசைக்குத்தான் மன்னார்க்காரர் வந்தார். ஐம்பதைத் தொட்ட வயது, நெஞ்சில் ஒரு சின்னச் சிலுவை, அதிகம் பேசாத ஆள். பக்கத்துத் தெரு மரக்கறிக் கடையில் வேலை. வளைகுடாவில் பதினாறு வருடம் எண்ணெய் மேடைகளில் இருந்தவர். ஆயிரக்கணக்கான தொன் இரும்பைக் கடலுக்கு மேலே ஏற்றி இறக்கிய அந்த மனிதரை, இந்த நகரம் நாலு வருடமாக முருங்கைக்காய்ப் பெட்டி ஏற்றி இறக்க வைத்திருந்தது. அதைக் கேட்ட நிமிடமே எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என் கோபம் எப்போதும் அப்படித்தான், விடயம் முழுவதும் வந்து சேர்வதற்கு முன்பே அது வந்து சேர்ந்துவிடும்.

கடலில் காற்றாலை நடுகிற ஒரு நிறுவனம் அவரை நேர்முகத்துக்கு அழைத்திருந்தது. அவர் இருந்த மேடைகளைப் போலவே அவர்களுடைய கப்பலும் கடலடியில் கால் ஊன்றி எழும்புகிற சாதியாம். என்னென்ன வேலை, எப்படிச் செய்தார் என்று விளக்கமாக எழுதிய கோப்பு, இங்கத்தைய பாஷையில் தோசியே, ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

“அண்ணை, நாலு வருசத்தில இப்பதான் முதல் தரம் கூப்பிட்டிருக்கிறாங்கள். இனி இந்த வயசில ஆர் கூப்பிடப்போறான்? இதை விட்டா முருங்கைக்காய்தான்,” என்றார். அவருடைய மகள் எழுதித் தருகிறேன் என்றாளாம். பிரெஞ்சிலேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரிப் படிக்கிற பிள்ளை. “சின்னப்பிள்ளைக்கு இந்த ஒபிஸ்காரரின்ர மூளை தெரியாது. என்னட்ட விடும்,” என்று தடுத்தவன் நான்தான்.

மூன்று பின்னேரம் இருந்து சொன்னார். எனக்கு ஜக் என்றால் காருக்கு ரயர் மாற்றுகிற சாமான். ஒரு தீவையே ஜக் வைத்துத் தூக்குவார்கள் என்று நான் பாதி வாசித்த எந்தப் புத்தகத்திலும் இருக்கவில்லை. அவர் ஒரு சப்பாத்துப் பெட்டி மூடியில் மூன்று ஓட்டை போட்டு, மூன்று பேனைகளைச் செருகிக் காட்டினார். மூடிதான் மேடை. தோணி மாதிரி மிதக்கும். பேனைகள் அதன் கால்கள், கோபுர உயர இரும்புக் கால்கள். இழுத்துக்கொண்டு போகும்போது கால்கள் வானத்தைப் பார்த்து நிற்கும். ஒவ்வொரு காலிலும் மேலிருந்து கீழ்வரை வாள் மாதிரிப் பல் வெட்டியிருக்கும். மேடையில் இருக்கிற மோட்டர்களின் பற்சக்கரங்கள் அந்தப் பல்லைக் கவ்விக்கொண்டு சுற்றும்.

“சக்கரம் சுத்தச் சுத்தக் கால் கீழ இறங்கும் அண்ணை. நிலத்தில தட்டினாப் பிறகும் நாங்கள் விடமாட்டம், சுத்துவம். கால் இனி எங்க போறது? அப்ப றிக், அதுதான் மேடை, மேல ஏறும்.”

பேனைகளை மேசையில் ஊன்றி மூடியை மெதுவாக உயர்த்தினார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். காலை இறக்குகிற அதே சக்கரம்தான் மேடையை ஏற்றுகிறது. திரும்பிப் போகும்போது எல்லாம் தலைகீழாக நடக்கும்: மேடை இறங்கி மிதக்கும், பிறகு சேற்றில் புதைந்த கால்களைப் பிடுங்கி எடுக்கவேண்டும். ஏற்றுவதைவிடப் பிடுங்குவதுதான் கரைச்சல் என்றார். இவ்வளவையும் நான் அழகாக எழுதினேன். பிழை மூன்றாம் நாள் வந்தது.

“உடன மேல போகேலாது,” என்றார். “தண்ணியை விட்டு ஒரு ஆள் உயரம் ஏத்திப்போட்டு நிப்பாட்டுவம். பிறகு கடல் தண்ணியைப் பம்ப் பண்ணி றிக்குக்கு உள்ள நிரப்புவம்.”

“உள்ள?”

“ஓம், உள்ள. இருக்கிற தாங்கியெல்லாம் நிரப்புவம். நிரப்பிப்போட்டு இருப்பம்.”

“எவ்வளவு நேரம்?”

“மணிக்கணக்கா. கால் இன்னும் இறங்குதோ எண்டு பாத்துக்கொண்டு. அந்த நேரம் றிக்கில ஒருத்தரும் கதைக்கிறேல்லை அண்ணை.”

தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொண்டேன். அவர் போன பிறகு வாசித்துப் பார்த்தேன். தூக்கவேண்டிய பாரத்துக்குள் தண்ணீரை நிரப்புவதாம். நிரப்பிவிட்டு மணிக்கணக்காகச் சும்மா இருப்பதாம், அதுவும் பேசாமல். இதைப் படித்தால் அந்த நிறுவனத்தில் என்ன சொல்வார்கள்? இந்தாள் றிக்கில் கோப்பை கழுவினவர்போல என்று சொல்லமாட்டார்களா? பதினாறு வருடத்தில் ஏதோ குழப்பிவிட்டார் என்று அவருக்காக நானே வருத்தப்பட்டேன். வருத்தப்பட்டுத் திருத்தினேன்: ‘மேடையை உயர்த்துமுன் அதிலுள்ள தண்ணீர் முழுவதையும் வெளியேற்றி எடையைக் குறைப்போம். பின்னர் சற்றும் தாமதியாமல் முழு உயரத்துக்கும் ஏற்றிவிடுவோம்.’ எவ்வளவு தர்க்கமான வசனம்! ‘என்னுடைய நேரடி மேற்பார்வையில்’ என்றும் ஒன்றைச் சேர்த்தேன். நாளைக்கு ஏதும் நடந்தால் பழி வேறு யாருக்கும் போய்விடக்கூடாது அல்லவா?

நேர்முகத்துக்கு நானும் கூடப் போனேன். கார் து நோரில் ரயில் ஏறும்போது கேட்டார்: “அண்ணை, நான் இங்கிலீசில கதைச்சா என்ன? றிக்கில எல்லாரும் இங்கிலீஸ்தான். உடைஞ்ச இங்கிலீஸ்தான், ஆனா வேலை விளங்கும்.”

“பிரெஞ்சுக்காரனிட்டப் போய் இங்கிலீசோ! வேலை கிடைச்ச மாதிரித்தான். நீர் பேசாமல் இரும். நான் கதைக்கிறன்.”

பேசாமல் இருந்தார். மகளின் ஞானஸ்நானத்துக்குத் தைத்ததோ என்னவோ, ஒரு பழைய கோட் போட்டிருந்தார். கைகள் மட்டும் கோட்டுக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தன.

சென் தெனியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாம் மாடி. எங்களைச் சந்தித்தவர் ஒரு பெண் பொறியியலாளர். நரைத்த தலை, குட்டை முடி, வெயிலிலும் காற்றிலும் காய்ந்த முகம். வணக்கம் சொல்லி, தோசியேயைத் திறந்து வாசிக்கத் தொடங்கினார். முதற்பக்கத்துக்குத் தலையை ஆட்டினார். இரண்டாம் பக்கத்தில் பென்சிலால் ஒரு அடையாளம் போட்டார். மூன்றாம் பக்கத்தில் நின்றார். திரும்ப வாசித்தார். பிறகு அந்த வசனத்தில் விரலை வைத்து, “இதை இவர்தான் சொன்னாரா?” என்று என்னைக் கேட்டார்.

“ஒரு சொல் மாறாமல், மடாம்,” என்றேன்.

“அப்படியானால் மன்னிக்கவேண்டும். மேடையை ஏற்றி இறக்குகிற எந்தக் கைப்பிடிக்குக் கிட்டவும் இவரை நான் விடமுடியாது. இப்படி ஏற்றினால் ஆட்கள் சாவார்கள்.”

அவ்வளவுதான். இருபத்தைந்து வருடமாக எனக்குள் தேங்கியிருந்ததெல்லாம் அந்த அறைக்குள் பாய்ந்தது. ஒரு தமிழனுடைய கை பாத்திரம் கழுவத்தான் லாயக்கு என்று நினைக்கிறீர்களா என்றேன். பதினாறு வருட அனுபவத்தைப் பதினாறு நிமிடத்தில் தள்ளிவிட உங்களுக்கு யார் உரிமை தந்தது என்றேன். எங்கள் ஆட்கள் என்ன சொன்னாலும் நம்பாமல் இருப்பதுதானே இந்த நாட்டின் வழக்கம் என்றேன். அவ்வளவும் அருமையான பிரெஞ்சு. துணைவினைகள் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து விழுந்தன. நடுவில் மன்னார்க்காரர் என் கையைத் தொட்டு, “என்னவாம் அண்ணை?” என்று கேட்டார். “பொறும், நான் பாக்கிறன்,” என்றேன். கொஞ்சம் கழித்துத் திரும்பவும், “அண்ணை, அவ என்ன கேட்டவ?” என்றார். அவருக்காகத்தான் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு எங்கே நேரம்?

அந்த அம்மா நான் முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு என்னைத் தாண்டி அவரைப் பார்த்து, ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைச் சொன்னார்.

“பிறீலோட்?”

மன்னார்க்காரருடைய முகம் மாறியதை நான் இன்னும் மறக்கவில்லை. தெரியாத ஊரில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்தார். “யெஸ், யெஸ், மேடம். பிறீலோட். வோட்டர்,” என்றார். முன்பாரம். அதற்கு ஒரு பெயரே இருந்திருக்கிறது. உலகத்தில் எந்தக் கடலிலும் எல்லோரும் சொல்கிற பெயர்.

அம்மா தோசியேயை அவர் பக்கம் திருப்பி, அந்த வசனத்தைத் தன் உடைந்த ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னார். அவர் கேட்டுவிட்டுத் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மிகவும் மெதுவாக,

“அண்ணை, தண்ணியை வெளியில விட்டிட்டீங்களே,” என்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் என்னை அடித்துப் போட்டது. அம்மாவின் பக்கம் திரும்பி, “சொறி மேடம். மை மிஸ்டேக். ஐ டெல் ஹிம் றோங்,” என்றார். நாலு வருடத்தில் வந்த ஒரே அழைப்பு. இனி வராத அழைப்பு. அதை, தன்னைவிட நாலைந்து வயது மூத்த, அண்ணை என்று கூப்பிட்டுவிட்ட ஒருவனுக்கு வேற்றார் முன்னால் தலைகுனிவு வரக்கூடாது என்பதற்காக அந்த மேசையிலேயே விட்டுக்கொடுத்துவிட்டார். அம்மாவின் கை தோசியேயை மூடப் போனது.

ஒரு உண்மையைச் சொல்கிறேன், சில நொடி நான் பேசாமல்தான் இருந்தேன். கௌரவமாகத் தப்பிவிடலாம் போலிருந்தது. பிறகு அந்தப் பெரிய கைகளைப் பார்த்தேன். அவை மடிக்குள் போய்விட்டிருந்தன.

“இல்லை மடாம். அவர் சரியாகத்தான் சொன்னார். மாற்றினவன் நான்,” என்றேன்.

“ஏன்?”

“நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று நினைத்தேன்.”

சற்று முன் அவ்வளவு பிரெஞ்சு பேசிய வாயில் இந்த ஒரு வசனம்தான் மிஞ்சியிருந்தது. அம்மா என்னை ஒரு பூச்சியைப் பார்ப்பது போலவும் பார்க்கவில்லை. அதற்கும் எனக்குத் தகுதி இல்லை என்று நினைத்தாரோ என்னவோ. “அந்தத் தண்ணீர் நிரம்பும்வரை கடலில் காத்திருந்திருக்கிறேன்,” என்றார். “பல தடவை.” பிறகு மன்னார்க்காரரிடம், ஏன் நிரப்புகிறோம் என்று இவருக்கும் விளங்குகிற மாதிரிக் காட்டுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவர் வலது கையை மேசைக்கு மேலே விரித்து, மூன்று விரல்களை ஊன்றினார். உள்ளங்கை மேடை, விரல்கள் கால்கள். “அண்ணை, இதுக்கு மேல உங்கட கையை வைச்சு அமத்துங்கோ. இன்னும் அமத்துங்கோ.” அமத்தினேன். தண்ணீருக்குப் பதிலாக நான். அந்த அறையில் நான் செய்த ஒரே பயனுள்ள வேலை பாரமாக இருந்ததுதான்.

“கடலுக்கு அடியில மேல இறுக்கமா இருக்கும், கீழ சேறா இருக்கும். ஆருக்குத் தெரியும்? உயரத்தில போய் நிக்கேக்க புயல் வந்து கால் ஒண்டு பொறிஞ்சு சேத்துக்குள்ள இறங்கினா, முழுக்கச் சரிஞ்சிடும்.” ஒரு விரலை மடக்கினார். என் கையோடு சேர்ந்து அவர் கை சரிந்தது. “அதுதான் இவ்வளவு பாரத்தை முதல்லயே வைச்சு அமத்திப் பாக்கிறது. பொறியிறதெண்டா பதிய நிக்கேக்கயே பொறியட்டும். தண்ணி கிட்ட, தப்பலாம். ஒண்டும் நடக்கேல்லையெண்டா தண்ணியைத் திறந்துவிட்டிட்டு ஏறுவம்.”

அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: எங்கள் கப்பலுக்கு நாலு கால். அப்போது எங்கே தண்ணீர்?

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “நோ வோட்டர், மேடம்.” இரண்டு கைகளிலும் இரண்டிரண்டு விரலை ஊன்றினார். மூலைக்கு மூலையாக இரண்டு விரல்களைக் கொஞ்சம் தளர்த்தினார். தண்ணீருக்குப் பதிலாகக் கப்பலின் முழுப் பாரத்தையும் மற்ற இரண்டும் தாங்கி மேசையில் வெளிறின. பிறகு மற்றச் சோடிக்கு மாற்றினார். அம்மா என் தோசியேயை மூடி, மேசையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டுத் தன் கப்பலின் வரைபடத்தை விரித்தார். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் உடைந்த ஆங்கிலத்தில் பல், பற்சக்கரம், பிறேக் என்று கதைத்தார்கள். நான் யன்னலால் சென் தெனியின் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

மருத்துவப் பரிசோதனை, கடல் பாதுகாப்புப் பயிற்சி இரண்டுக்கும் வரச் சொன்னார்கள். தோசியேயை மட்டும் அவர் சொன்னபடியே திரும்ப எழுதிக் கொண்டுவரவேண்டுமாம். “வேறு யாராவது எழுதட்டும்,” என்று அம்மா வாசலில் வைத்துச் சிரிக்காமல் சொன்னார். மகள் எழுதினாள். இரண்டே பக்கம்.

திரும்பி வரும் ரயிலில் கோபம் தணியவில்லை, ஆள்தான் மாறியிருந்தது. இருபத்தைந்து வருடமாக எங்களை நம்பாத அதிகாரிகளைத் திட்டியிருக்கிறேன். அந்த மேசையில் எங்கள் ஆட்களை முதலில் நம்பாத அதிகாரி நானாக இருந்திருக்கிறேன். அதுவும் தேநீர் வாங்கிக் கொடுத்து, தம்பி என்று கூப்பிட்டு. பல்வலிக்காரருடைய கேஸ் ஞாபகம் வந்தது. அந்தச் சிப்பாய் கன்னத்தைப் பொத்திக்கொண்டுதான் நின்றிருப்பான். எத்தனை பேருடைய கதையிலிருந்து எத்தனை தாங்கித் தண்ணீரை நான் திறந்துவிட்டேனோ, யார் யார் அதனால் சரிந்தார்களோ, கணக்கில்லை. அவர்கள் யாரும் திரும்பி வந்து கேட்கவும் இல்லை. நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

இப்போதும் அந்த மேசையில் இருக்கிறேன். யாராவது நம்பமுடியாத ஒன்றைச் சொன்னால் அதை இரண்டு தடவை கேட்டு அப்படியே எழுதுகிறேன். ஒரு பாரத்தையும் வைத்துப் பார்க்காமலே உயரத்துக்கு ஏற்றிவிடப்பட்ட ஆள் நான் என்பதை, பேனையை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மூன்று விரல்கள் எனக்குச் சொல்கின்றன.

போன மாதம் மன்னார்க்காரர் கப்பலிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். தேநீர்க்கடையில் ஐந்தாறு பேர் இருந்தோம். கதை எப்படியோ கடலுக்குப் போக, நான் மூன்று விரலை மேசையில் ஊன்றி, பக்கத்தில் இருந்தவரின் கையை எடுத்து மேலே வைத்து, முன்பாரம் முழுவதையும் விளக்கினேன். இந்தத் தடவை ஒரு பிழை இல்லை. தண்ணீர் உள்ளேதான் இருந்தது. முடித்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “எல்லாம் சரியாத்தான் சொன்னனீங்கள் அண்ணை,” என்றார். “ஆனா அந்த நேரம் ஒருத்தரும் கதைக்கிறேல்லை.”